முதல் மேக்கப் கிட்: ஃபவுண்டேஷனில் என் சேமிப்பு போன கதை

மேக்கப் வகுப்பை முடித்துவிட்டு, கையில் ஒரு பட்டியலோடு முதல் கிட் வாங்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரஷ், ஐ ஷேடோ, லிப்ஸ்டிக் எதை வாங்கினாலும் ஓரளவு சமாளித்துவிடலாம். பணத்தை விழுங்குவது முகம் முழுக்கத் தோல் நிறத்தில் பூசுகிற ஃபவுண்டேஷன்தான், வாடிக்கையாளர் முன்னால் மானத்தை வாங்குவதும் அதுதான். நான் படித்த இடத்தில் கொடுத்த பட்டியலில் ஒரே கம்பெனியின் மேட் (பளபளப்பில்லாத), ஃபுல் கவரேஜ் (தோலை முழுக்க மறைக்கிற) ஃபவுண்டேஷன், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை முழு வரிசையும் என்று இருந்தது. அதை அவர்களே விற்கவும் செய்தார்கள். "இது இருந்தா எந்த முகம் வந்தாலும் பயப்பட வேண்டாம்" என்றார் மேடம். வகுப்புக் கட்டணம் போக மிச்சமிருந்த சேமிப்பில் பெரும்பகுதி அந்தப் பாட்டில்களுக்கே போனது. மாய்ஸ்சரைசர், ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் ப்ரைமர், பவுடர் இதற்கெல்லாம் கையில் காசில்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். எது முதலில், எது அப்புறம் என்பது அங்கேயே தலைகீழாகிவிட்டது என்று புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வகுப்பில் இது ஏன் யாருக்கும் உறைக்கவில்லை என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் ஒருவருக்கொருவர் போட்டுப் பழகினோம். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஏசி அறை. போட்டு முடித்ததும் ஒரு போட்டோ, உடனே கழுவிவிடுவோம். ஃபவுண்டேஷனின் குணம் போட்ட நிமிடத்தில் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து, சிரித்து, பேசி, வியர்த்த பிறகுதான் தெரியும். அந்த இரண்டாவது மணி நேரத்தை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

முதல் அடி ஒரு மணப்பெண்ணின் அம்மா வடிவில் வந்தது. அறுபதை நெருங்கிய வயது, நன்றாக வறண்ட சருமம். சொல்லிக்கொடுத்தபடியே ஃபவுண்டேஷனை முகம் முழுக்கப் பூசி, கண்ணுக்குக் கீழே கருமையை மறைக்கும் கன்சீலர் வைத்து, பவுடரை அழுத்தி முடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணோரமும் உதட்டைச் சுற்றியும் வெடித்த களிமண் தரை மாதிரி ஆகிவிட்டது. கன்னத்தில் செதில் செதிலாகத் தோல் தூக்கிக்கொண்டு நின்றது. சரிசெய்வதாக நினைத்து மேலும் பவுடர் போட்டேன், இன்னும் மோசமானது. அவர் கோபப்படக்கூட இல்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வீட்லேர்ந்து வரும்போது இதைவிட நல்லாத்தாம்மா இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேட் ஃபவுண்டேஷனில் பளபளப்பைக் குறைக்க சிலிக்கா, கயோலின் களிமண், டால்க் மாதிரி எண்ணெயை உறிஞ்சும் பொடிகள் சேர்ப்பார்கள். எண்ணெய் வழியும் முகத்தில் அது வரம். வறண்ட முகத்தில் உறிஞ்ச எண்ணெயே இல்லாததால், நாம் தடவிய மாய்ஸ்சரைசரையே அது குடித்துவிடும். அதற்கு மேல் பவுடரும் போட்டால், தோல் மடங்கும் இடமெல்லாம் கோடு விழத்தான் செய்யும். இப்போது இப்படிப்பட்ட சருமம் வந்தால் நான் செய்வது இது. கிளிசரின் அல்லது ஹயலுரானிக் ஆசிட் உள்ள மாய்ஸ்சரைசரைக் கையால் தேய்க்காமல் அழுத்தி வைத்துவிட்டு, கண் மேக்கப்பை முதலில் முடிக்கிறேன். அதற்குள் அது உள்ளே இறங்கிவிடும். பிறகு ஈரமான ஸ்பான்ஜில் மிகக் குறைவாக ஃபவுண்டேஷன் எடுத்து, முகத்தின் நடுப்பகுதியில் வைத்து வெளிப்பக்கமாகக் கரைக்கிறேன். நெற்றி ஓரம், கன்னத்தின் வெளிப்புறம் எல்லாம் கிட்டத்தட்ட வெறும் தோலாகவே இருக்கும். பவுடர் மூக்கோரத்திலும் கண்ணுக்குக் கீழே கன்சீலர் வைத்த இடத்திலும் மட்டும், அதுவும் பிரஷ் நுனியில் ஒட்டும் அளவுக்கு. வயதான சருமத்தில் ஒவ்வொரு அடுக்கும் வயதைக் கூட்டும். மறைக்க வேண்டியது ஒரு கரும்புள்ளி என்றால் அந்தப் புள்ளி மேல் மட்டும் கன்சீலர் வையுங்கள், அதற்காக முகம் முழுவதையும் மூடாதீர்கள்.

சரி, மேட் ஃபவுண்டேஷன் எண்ணெய்ச் சருமத்திலாவது கைகொடுத்ததா என்றால், அதுவும் இல்லை. அடுத்து வந்த ஒரு பெண்ணுக்கு மூக்கும் நெற்றியும் கழுவின அரை மணி நேரத்தில் மின்ன ஆரம்பித்துவிடும். இவருக்குத்தான் நம் பாட்டில் சரி என்று தைரியமாகத் தடிமனாகப் போட்டேன். நிகழ்ச்சி பாதி நடக்கும்போதே மூக்கின் இரண்டு பக்கமும் ஃபவுண்டேஷன் பிரிந்து திட்டுத் திட்டாக நின்றது. தோலிலிருந்து எண்ணெய் சுரந்துகொண்டேதான் இருக்கும், நாம் மேலே எவ்வளவு பூசினாலும் அது நிற்காது. அடுக்கு தடிமனாக இருந்தால் எண்ணெய் அதைத் தூக்கிவிடும். எண்ணெய் மேலேயே பவுடர் போட்டு டச்-அப் செய்தால் அது பசையாகிவிடும். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் பவுடரைத் தொட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, எண்ணெய்ச் சருமம் என்றதும் மாய்ஸ்சரைசரே வேண்டாம் என்று நினைப்பார்கள். எண்ணெய் வேறு, நீர்ச்சத்து வேறு. எண்ணெய் வழியும் முகத்திலேயே நீர் வறட்சியும் இருக்கலாம். கடுமையான ஃபேஸ் வாஷ், ஆல்கஹால் அதிகமுள்ள டோனர் எல்லாம் போட்டுப் போட்டு வருகிறவர்களுக்கு இது சகஜம். மேலே மின்னும், தொட்டால் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். இவர்களுக்கு ஜெல் வகை மாய்ஸ்சரைசரை மெல்லியதாகப் போட்டு, எண்ணெய் வரும் இடத்தில் மட்டும் ப்ரைமர் வைத்து, ஃபவுண்டேஷனை மெல்லிய அடுக்காக அழுத்திவிட்டு, பவுடரைப் பஃப்பால் ஒற்றி வைத்தால் நிற்கிறது. லாங்வேர் (நீண்ட நேரம் நிற்கிற) ஃபவுண்டேஷன் என்றால் ஒன்று கவனியுங்கள்: அதில் பெரும்பாலும் ஐசோடோடெகேன் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் திரவம் இருக்கும். அது போனதும் ஒரு படலமாக இறுகிவிடும். முகம் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டு நிதானமாகப் பரப்பலாம் என்று நினைத்தால் கடைசிப் புள்ளி அங்கேயே காய்ந்து நிற்கும். ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்த கன்னத்துக்குப் போங்கள்.

வறண்ட சருமம், எண்ணெய்ச் சருமம், இரண்டும் கலந்தது, சாதாரணம் என்று நான்கு பெட்டியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு வருகிற முகங்களில் பாதிக்கு மேல் கலந்ததுதான். நெற்றி, மூக்கு, தாடை ஒரு மாதிரி, கன்னம் வேறு மாதிரி. லெஸ்லி பாமன் என்கிற தோல் மருத்துவர் சருமத்தை 16 வகையாகப் பிரித்திருக்கிறார். எண்ணெய்ப்பசை, எளிதில் எரிச்சலடைதல், கருமை படிதல், சுருக்கம் விழுதல் என்று நான்கு கேள்விகளின் சேர்க்கையில் வருவது அந்த 16. மேக்கப் நாற்காலியில் அவ்வளவு தேவையில்லை, ஆனால் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டு வைப்பது நல்லது. என் வழி எளிது. முடிந்தால் கழுவிய முகத்தோடு, எதுவும் தடவாமல் வரச் சொல்கிறேன். அரை மணி நேரம் பேசிக்கொண்டு, கண் மேக்கப்புக்கான சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே முகத்தைக் கவனித்தால் எங்கே மின்னுகிறது, எங்கே இழுக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைச் சரும க்ரீம்) போடுகிறீர்களா, பருவுக்கு மருந்து எடுக்கிறீர்களா என்றும் கேட்பேன். ரெட்டினால் போடுகிறவர்களுக்குத் தோல் நுண்ணியதாக உரிந்துகொண்டிருக்கும், எந்த ஃபவுண்டேஷனும் அந்தத் தோலில் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

என்னை ரொம்ப நாள் குழப்பியது வேறொரு பிரச்சினை. சிலருக்கு ஃபவுண்டேஷன் போடப் போட அழுக்கு உருட்டின மாதிரி உருண்டு உருண்டு வரும். பாட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்து நல்ல பாட்டிலையே தூக்கிப் போட்டிருக்கிறேன். விஷயம் பேஸில், அதாவது அது எதை அடிப்படையாக வைத்துச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. ஃபவுண்டேஷன்களில் சில தண்ணீர் பேஸ், சில சிலிகான் பேஸ், க்ரீமும் ஸ்டிக்கும் எண்ணெயும் மெழுகும் சேர்ந்தவை. கீழே போட்ட சன்ஸ்கிரீனோ ப்ரைமரோ சிலிகான் நிறைய உள்ளதாக இருந்து, மேலே தண்ணீர் பேஸ் ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் அது வழுக்கிக்கொண்டு உருளும். கீழே உள்ளது காய்வதற்குள் போட்டாலும் இதே கதைதான். எது என்ன பேஸ் என்று லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மூலப்பொருள் பட்டியல் அளவில் அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு இறங்கும். முதலில் தண்ணீர் என்று பார்த்ததும் தண்ணீர் பேஸ் என்று முடிவு கட்டிவிடுவோம். நிறைய லிக்விட் ஃபவுண்டேஷன்களில் தண்ணீர் உள்ளே நுண்துளியாக இருக்கும், வெளியே சூழ்ந்திருப்பது சிலிகான். பட்டியலின் முதல் சில பெயர்களில் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்ஸேன் என்று 'கோன்', 'சிலாக்ஸேன்' என்று முடிகிற பெயர்கள் வந்தால் சிலிகான் பேஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு துளி விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பேஸ் கரைந்து பால் மாதிரி பரவும், சிலிகான் பேஸ் கட்டியாகவே சுற்றும். ப்ரைமரையும் அதே பேஸில் வாங்குங்கள். இரண்டு வேறு பேஸ் ஃபவுண்டேஷன்களைக் கலந்து ஷேட் உண்டாக்கவும் பார்க்காதீர்கள், பிரிந்துவிடும்.

ஷேட் விஷயத்தில் எனக்கு ஏற்பட்ட நஷ்டம்தான் பெரியது. ஒரு வாடிக்கையாளருக்கு மணிக்கட்டில் பார்த்துப் பொருத்தமான ஷேட் போட்டேன். போட்டபோது கச்சிதம். அரை மணி நேரத்தில் முகம் ஆரஞ்சு, கழுத்து வேறு நிறம். போட்டோக்களைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். அவர் சொல்லி வர வேண்டிய இன்னும் இரண்டு வேலைகளும் போயின. அந்த வாரம் முழுக்க போனை எடுக்கவே பிடிக்கவில்லை.

ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கு பொருள்களில் அடங்கிவிடும்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மற்றபடி சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். லேபிளில் சி.ஐ. 77891, 77491, 77492, 77499 என்று போட்டிருப்பது இவைதான். பூசியதும் ஈரம் ஆவியாகி, தோலின் எண்ணெயும் கலந்ததும் நிறம் ஒரு படி அடர்ந்து தெரியும். எண்ணெய்ச் சருமத்தில் இது அதிகம். ஆகவே எந்த ஷேட்டையும் தாடையோரத்திலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி கோடு போட்டு, பதினைந்து நிமிடமாவது விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மணிக்கட்டின் நிறத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து அண்டர்டோன் (தோலின் அடியில் தெரியும் நிறச் சாயல்) சொல்லும் வித்தையும் மாநிறத்துக்கு மேல் போனால் அவ்வளவாக உதவாது. மஞ்சள் சாய்ந்தது, சிவப்பு சாய்ந்தது, நடுநிலையானது என்று மூன்று கோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எது காணாமல் போகிறதோ அதுதான். அடர் நிறச் சருமத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால், ஷேட் வெளுப்பாக இருக்கிறது, அல்லது அதில் வெள்ளை நிறமி கூடுதல். பவுடரும் இதைச் செய்யும், எனவே எல்லோருக்கும் ஒரே வெள்ளைப் பவுடர் என்பது நடக்காது.

வகுப்பில் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலை வைத்து ஷேட் தேர்வு செய்யச் சொன்னார்கள். 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்கிற தோல் மருத்துவர் அதை உருவாக்கியது புற ஊதாக்கதிர் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்க. யாருக்குத் தோல் சீக்கிரம் சிவந்து எரியும், யாருக்குக் கறுக்கும் என்பதைச் சொல்லும். உங்கள் பாட்டிலின் அண்டர்டோனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எளிதில் எரிச்சலடையும் சருமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஹைப்போஅலர்ஜெனிக்' (அலர்ஜி வர வாய்ப்பு குறைவு) என்ற வார்த்தைக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம்கூட வரையறை கிடையாது, அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. வாசனை சேர்க்காத ஒரு ஃபவுண்டேஷனாவது கிட்டில் இருக்கட்டும். முன்கூட்டியே பதிவு செய்கிறவர்களுக்கு முழங்கையின் உள்பக்கம் தடவி ஒன்றிரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் புண்ணோ தொற்றோ இருந்தால் வேலையை மறுத்துவிடுங்கள். எவ்வளவு பணம் என்றாலும் சரி.

இப்போது என் கிட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஃபவுண்டேஷன் பாட்டில்கள் குறைந்துவிட்டன. நிறமி செறிவாக உள்ள ஒரு க்ரீம் பாலெட், அதில் வெளிரிலிருந்து அடர் வரை ஷேட்களைக் கலந்து வேண்டியதை உண்டாக்கிக்கொள்ளலாம். கொஞ்சமாக எடுத்து மாய்ஸ்சரைசர் துளியோடு கலந்தால் வறண்ட முகத்துக்கு மெல்லிய கவரேஜ், அப்படியே வைத்து பவுடர் போட்டால் முழுக் கவரேஜ். எண்ணெய் வழிகிறவர்களுக்கும் நீண்ட நேர நிகழ்ச்சிக்கும் சிலிகான் பேஸ் லாங்வேர் லிக்விட், எனக்கு அடிக்கடி வருகிற நிற வரம்பில் மட்டும் மூன்று ஷேட். அதே பேஸில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை மிக்ஸர்கள். ஆரஞ்சாகப் போகிற ஷேட்டில் ஊசிமுனை அளவு நீலம் விட்டால் அடங்கிவிடும். அளவு மீறினால் முகம் சாம்பலாகும், தட்டில் பழகிவிட்டு முகத்துக்கு வாருங்கள். மிச்சப் பணமெல்லாம் கீழும் மேலும் போனது: இரண்டு வகை மாய்ஸ்சரைசர், ஒரு ப்ரைமர், நிறமில்லாத நைசான பவுடர் ஒன்று, அடர் நிறத்துக்குத் தனியாக ஒன்று, நல்ல ஸ்பான்ஜ்கள். பாட்டில் நிறத்துக்குத்தான் வேண்டும். சருமத்தின் வகையை அடியில் என்ன போடுகிறீர்கள், எவ்வளவு மெல்லியதாகப் போடுகிறீர்கள், பவுடர் எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் சமாளிக்க முடியும். 2017இல் ஃபென்டி பியூட்டி என்கிற மேக்கப் பிராண்ட் 40 ஃபவுண்டேஷன் ஷேடோடு வந்தபோது கடையில் கிடைக்கும் நிறங்களின் வரம்பே விரிந்தது, நல்ல விஷயம். அதற்காக 40ஐயும் கிட்டில் வைத்துக்கொண்டு சுற்ற முடியுமா?

பவுடர் வாங்கும்போது ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். எச்.டி. என்று விற்கும் சிலிக்கா பவுடர்கள் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷில் வெள்ளைத் திட்டாகப் பல்லிளிக்கும். எஸ்.பி.எஃப். அதிகமுள்ள சில ஃபவுண்டேஷன்களும் அப்படித்தான்.

பாட்டிலின் பின்பக்கம் திறந்த டப்பா படத்தில் 6 எம், 12 எம் என்று போட்டிருப்பது திறந்ததிலிருந்து எத்தனை மாதம் என்பதற்கு. வாங்கிய அன்றே எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவது நமக்குப் பழக்கம், அந்த நொடியிலிருந்து கணக்கு ஓடுகிறது. தேவைப்படும்போது திறந்து, தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். பாட்டிலிலிருந்து நேராக முகத்துக்கோ பிரஷுக்கோ போகாதீர்கள். ஸ்டீல் தட்டில் ஸ்பாட்யூலாவால் எடுத்து வேலை செய்யுங்கள், தட்டை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பழைய கிட்டில் பாதி ஷேட்கள் ஒருமுறைகூட முகம் பார்க்காமல் தேதி கடந்தன. விற்றுவிடச் சொன்னார்கள், திறந்த பாட்டிலை இன்னொருவர் முகத்துக்கு விற்க மனம் வரவில்லை. தேதி இருந்தவற்றில் மிக அடர்ந்த இரண்டைக் கான்டூருக்கு (நிழல் மாதிரி பூசி முக வடிவத்தை எடுத்துக்காட்ட) வைத்துக்கொண்டேன், மற்றதெல்லாம் தட்டில் நிறம் கலந்து பழகுவதற்கே தீர்ந்தது.